எங்களுடையதல்லாத ஒன்பது டப்பாக்கள்

உம்மா மௌத்தான மூன்றாம் மாதத்தில்தான் நானும் லாத்தாவும் அடுப்பங்கரையின் மேல்தட்டை ஒழிக்கத் துணிந்தோம். உடுப்புகளை முதல் இரண்டு வாரங்களிலேயே உரியவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். நகைகளைப் பற்றியும் பத்திரங்களைப் பற்றியும் காக்கா ஹாங்காங்கிலிருந்து வந்திருந்தபோதே மூவரும் உட்கார்ந்து பேசியாயிற்று. உம்மா புழங்கிய இடங்களை மட்டும் எவரும் தொடவில்லை. தொழும் இடத்துச் சன்னலோரத்தில், சின்னத் தட்டில், அவருடைய தஸ்பீஹும் மூக்குக் கண்ணாடியும் வைத்தது வைத்தபடி இருந்தன. அஞ்சறைப் பெட்டியில் அவர் கடைசியாகக் கொட்டி வைத்த சீரகமும் அப்படியே இருந்தது.

லாத்தா முக்காலியில் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துத் தர, நான் தரையில் அடுக்கினேன். டப்பர்வேர் டப்பாக்கள் 34, மூடிகள் 39. டப்பாவுக்கும் மூடிக்கும் கணக்கு ஒத்துப்போன வீட்டை நான் இதுவரை கண்டதில்லை. நிறங்கள் மங்கியிருந்தன. பழைய மூடிகளின் ஓரம் கையில் பிசுபிசுத்தது. மசாலாத்தூள் இருந்தவற்றில் மஞ்சள் ஊறிப்போயிருந்தது. மாசி வைத்த டப்பாவை மூடியைத் திறக்காமலேயே கண்டுகொண்டோம். மாசியை ஒருமுறை வைத்துவிட்டால் அந்த டப்பா ஆயுளுக்கும் மாசி டப்பாதான்.

அடுக்கி முடித்தபின் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தோம். எவர்சில்வர் பாத்திரமென்றால் கடையிலேயே பேர் வெட்டித் தந்துவிடுவார்கள். பிளாஸ்டிக்கில் அது நடக்காது. வெளியூர்களில் நகச்சாயத்தால் எழுத்துப் போடுவார்களாம். ஒளுவுக்கு இடைஞ்சல் என்பதால் எங்கள் வீட்டில் அந்தப் புட்டிக்கே இடமிருந்ததில்லை. உம்மா கோணி ஊசியை அடுப்பில் சுடவைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்துவார். அதுவும் அரபு எழுத்தாக இருக்கும். ஓதப் பழகிய எழுத்தே எழுதவும் பழகிய எழுத்தாக இருந்த தலைமுறை அவருடையது. கடிதம், மளிகைச் சீட்டு, வரவு செலவு எல்லாமே அரபுத்தமிழில்தான்.

எங்கள் வீட்டு எழுத்து இல்லாதவை 9 இருந்தன. இரண்டு மேலவீட்டாருடையவை. இரண்டு லாத்தாவின் மாமியார் வீட்டிலிருந்து வந்தவை. ஒன்றில் எழுத்தே இல்லை. கழுத்தில் ஒரு சிவப்பு நூல் மட்டும் சுற்றியிருந்தது. மீதி நான்கும் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் வெளிர்பச்சை டப்பாக்கள். நான்கின் அடியிலும் ‘காஃப்’. பழைய தலையணை உறையொன்றில் சுற்றி, தட்டின் மிக ஆழத்தில் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் மஞ்சளும் இல்லை, மாசியும் இல்லை. ஒரு நாளும் புழங்கப்படாதவை. நான்காவதற்கு மூடியைக் காணவில்லை.

அந்தச் சுற்றுக்குள்ளேயே ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தது. எனக்கு அரபுத்தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும்; லாத்தா வாசித்தாள். 1999ஆம் ஆண்டுக் கணக்கு. எந்த வீடு, எத்தனை டப்பா, எத்தனை ரூபாய், எத்தனை தவணை. பணம் தீர்ந்த வரிகளை உம்மா குறுக்குக்கோடு போட்டு அடித்திருந்தார். ஒரேயொரு வரி மட்டும் அடிக்கப்படாமல் நின்றது: கிணற்றடி வீடு. டப்பா 4 திரும்பியது. 160 நான் கொடுக்கவேண்டும்.

லாத்தா நோட்டை மூடினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜனாஸாத் தொழுகைக்குமுன் காக்கா சபையில் எழுந்து, எங்கள் உம்மா யாருக்கேனும் கொடுக்கவேண்டியது இருந்தால் எங்களிடம் வாருங்கள் என்று சொன்னார். எவரும் வரவில்லை. அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத், அதற்குப் பின்னரே வாரிசுகளின் பங்கு என்ற வரிசை எங்கள் மூவருக்கும் தெரியும். கடன் ஏதுமில்லை என்று நம்பித்தான் பங்கைப் பேசியிருந்தோம். 160 ரூபாய் இன்று இரண்டு பேர் பிரியாணி உண்ணப் போதாத தொகை. ஆனாலும் உம்மாவின் கையெழுத்தில் ‘நான்’ என்று எழுதியிருந்தது.

அந்த நோட்டு எழுதப்பட்ட ஆண்டில் நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்தது 1996இல். காயல்பட்டினத்தில் எங்கள் தெருவுக்கு அது வந்துசேர மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குமுன் எங்கள் அடுப்பங்கரை ஹார்லிக்ஸ் பாட்டில்களாலும், சவூதியிலிருந்து எவரேனும் கொண்டுவந்த நிடோ பால்மாவு டின்களாலும், பழைய சேலைக்குப் பிளாஸ்டிக் சாமான் தரும் வியாபாரியிடம் வாங்கிய டப்பாக்களாலும் நிறைந்திருந்தது. அந்த டப்பாக்களின் மூடி ஒன்று இறுகிப்போய்த் திறக்காது, அல்லது மூடவே மூடாது. மழைக்காலத்தில் முறுக்கு நமுத்துவிடும். கடற்கரை ஊரின் உப்புக்காற்றில் ஒரு பொட்டலம் அப்பளத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

ஒரு நாள் அஸருக்குப் பின், திருநெல்வேலியிலிருந்து ஓர் அக்கா இரண்டு பெரிய பைகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்பே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. முன்கட்டில் ஆண்கள் எவரும் இல்லை. தெருவில் இறங்காமலேயே, வீடுகளுக்கு நடுவிலுள்ள முடுக்குகளின் வழியாகப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இருபது பேருக்குக் குறையாது. உம்மா இஞ்சிக் கொத்துப் போட்ட தேயிலையும் வெங்காய வடையும் கொடுத்தார். கல்யாண வீட்டைப் போலிருந்தது, கல்யாணத்தின் களைப்பு மட்டும் இல்லை.

அந்த அக்கா ஒரு கிண்ணத்தில் ரோஸ் சர்பத்தை ஊற்றினார். மூடியைப் பொருத்தி, நடுவில் விரலால் அழுத்தி, ஓரத்தைச் சற்றே தூக்கிக் காற்றை வெளியேற்றினார். அது ஏப்பம் விட்டதுபோல் ஒரு சத்தம் எழுப்பியது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு, யாருடைய வெள்ளைத் துப்பட்டியையாவது தாருங்கள் என்று கேட்டார். என் பெரியும்மா தயங்கித் தயங்கித் தம்முடையதைக் கொடுத்தார். அதைத் தரையில் விரித்து, அதற்கு நேர் மேலே சர்பத்துக் கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்து, மேலும் கீழுமாக உலுக்கினார். பெரியும்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு சொட்டு விழவில்லை. அந்த நிமிடத்திலேயே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது என்பதை இப்போது உணர்கிறேன்.

அன்று நாங்கள் அறியாத ஒரு கதை அந்தக் கிண்ணத்துக்கு இருந்தது. அமெரிக்காவில் நியூஹாம்ப்ஷயரில் 1907இல் பிறந்த ஏர்ல் டப்பர் என்பவர், டூபாண்ட் நிறுவனத்தில் கழிவாகக் கிடந்த பாலிஎத்திலீன் கசடை வாங்கி, அதைச் சுத்திகரித்து, உடையாத மெழுகுபோன்ற பிளாஸ்டிக்காக ஆக்கினார். மூடிக்கான யோசனை பெயின்ட் டின்னின் மூடியிலிருந்து வந்தது. 1946இல் கடைகளுக்கு வந்தபோது அவை விலைபோகவில்லை. அந்த மூடியை எப்படி மூடுவது என்பது எவருக்கும் தெரியவில்லை. வாங்கியவர்களும் மூடி பொருந்தவில்லை என்று திருப்பிக்கொண்டுவந்தார்கள். எவரேனும் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகாட்ட வேண்டியிருந்தது.

அதைச் செய்துகாட்டியவர்களுள் ஒருவர் ப்ரௌனி வைஸ். கணவரைப் பிரிந்து மகனைத் தனியே வளர்த்துவந்த பெண். வீடுகளில் பெண்களைக் கூட்டி விற்பதில் அவருக்கு வாய்த்த வெற்றியைப் பார்த்து, டப்பர் அவரையே விற்பனைப் பிரிவின் தலைமைக்குக் கொண்டுவந்தார். 1951இல் கடைகளிலிருந்து சரக்கு முழுவதும் திரும்பப் பெறப்பட்டது; அதன்பின் வீடுகளில் மட்டும்தான் விற்பனை. பழச்சாறு நிரப்பி மூடிய கிண்ணத்தை அறையின் குறுக்கே வீசிப் பிடிக்கச் செய்வது வைஸின் வழக்கமாம். எங்கள் பெரியும்மாவின் துப்பட்டிமேல் நடந்த வித்தையின் மூலம் அதுதான். 1954இல் ‘பிசினஸ் வீக்’ இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே. 1958இன் தொடக்கத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளத்துடன் அவர் வெளியேறினார். அதே ஆண்டில் டப்பர் தம் நிறுவனத்தை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றார். அத்தனை வீடுகளின் கதவைத் திறந்துவைத்த பெண்ணுக்கு அந்த விற்பனையில் பங்கில்லை. இதைப் படித்த அன்று எனக்கு உம்மாவின் நினைவு வந்தது; ஏனென்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் வைத்து விற்பது எங்கள் ஊருக்குப் புதிதன்று. ஆண்கள் கொழும்பிலும் ஹாங்காங்கிலும் ஜித்தாவிலும் இருக்க, கடைத்தெருவுக்குப் போகாத பெண்களிடம் கடைத்தெருவே வந்துகொண்டிருந்தது. சேலை, சென்ட், சிங்கப்பூர்ச் சாமான் என்று வீட்டுக்குள்ளேயே வியாபாரம் செய்து பிள்ளைகளை ஆளாக்கிய பெண்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வழியில் வந்தவர்கள் நாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. சேலை விற்கும் பெண்மணி நம்மிடம் தனியே வருவார். வேண்டாமென்றால் அடுத்த பெருநாளுக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிடலாம்; அது அவருக்கும் நமக்கும் இடையில் போகும். டப்பா விற்ற அன்று இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். விற்கும் வீட்டின் தேயிலையைக் குடித்துவிட்டு, இருபது பேர் பார்க்க, வேண்டாமென்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். வாங்குபவர் விற்பவர் இருவரின் மனப்பொருத்தத்தில் நடப்பதே வியாபாரம் என்று மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. வெட்கத்தால் வாங்குவதில் எத்தனை பங்கு மனப்பொருத்தம் என்பதை அன்று அந்தக் கூடத்தில் எவரும் எடைபோட்டுப் பார்க்கவில்லை.

உம்மாவும் எடைபோடவில்லை. அவருக்கு அது வாழ்நாளின் முதல் சம்பாத்தியம். விற்பனைக்கேற்ப அந்த அக்கா கொடுத்த அன்பளிப்புகளும், பிறகு உம்மாவே எடுத்து விற்றதில் நின்ற சில நூறு ரூபாய்களும். வாப்பா தொலைபேசியில், இதே சாமான் இங்கே நடைபாதையில் குவித்துக் கிடக்கிறதே என்று சிரித்தபோது, உம்மா முதன்முறையாக அவரை மறுத்துப் பேசியதைக் கேட்டேன். “அது வேற, இது வேற. உங்களுக்குத் தெரியாது” என்றார். அந்தக் குரலில் இருந்த உறுதி எனக்குப் பிடித்திருந்தது. இன்றும் பிடிக்கிறது. முழுத்தொகையையும் ஒரேயடியாகத் தர இயலாத வீடுகளுக்கு உம்மா தம் கையிலிருந்து கட்டிவிட்டு, மாதாமாதம் வாங்கிக்கொண்டார். வட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதில் கண்டிப்பாக இருந்தார். மற்றொரு கண்டிப்பும் இருந்தது: தவணைநாள் தவறக்கூடாது.

கிணற்றடி வீட்டு மாமி எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார். உம்மாவுக்கு ஓதும்பள்ளிக் காலத்துத் தோழி. இரு வீட்டுக்கும் இடையே பாத்திரம் நடந்தவண்ணம் இருக்கும். அங்கே வட்டிலாப்பம் வெந்தால் இங்கே வரும். இங்கே மீன் நிறையக் கிடைத்தால் அங்கே போகும். போன பாத்திரம் ஒருபோதும் வெறுமையாய்த் திரும்பாது. கொடுக்க ஒன்றுமில்லாத நாளில் ஒரு பிடிச் சீனியாவது உள்ளே கிடக்கும். எது யாருடைய கிண்ணம் என்பதில் எவருக்கும் தெளிவில்லை. அதைத் தெளிவாக்கவேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

டப்பர்வேர் வந்தபின் இது மெல்ல மாறியது. அத்தனை விலை கொடுத்து வாங்கிய டப்பாவில் ஆணத்தை ஊற்றி அடுத்த வீட்டுக்கு அனுப்ப எவருக்கும் மனம் வரவில்லை. அனுப்பினாலும், கையோடு கொண்டுவந்துவிடு என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினார்கள். வாசலிலேயே நின்று, அவர்கள் வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தரும்வரை காத்திருந்து, அவசரமாகக் கழுவிய ஈரத்துடன் திரும்ப வாங்கிக்கொண்டு ஓடிவந்த பிள்ளைகளுள் நானும் ஒருத்தி. அந்த அவசரத்தில் சீனி போடுவது நின்றுபோனது. கொடுத்தனுப்புவதற்கென்று ஐஸ்கிரீம் டப்பாக்களைத் தனியே சேர்த்துவைக்கும் பழக்கம் வந்தது. திரும்பி வராவிட்டாலும் போகட்டும் என்ற பாத்திரத்தில்தான் அண்டை வீட்டாருக்கு உணவு போயிற்று.

உம்மா தொழுகையில் அடிக்கடி ஓதும் சிறு சூராக்களுள் ஒன்று ஸூரத்துல் மாஊன். ஏழே வசனங்கள். சூராவுக்குப் பெயராக நிற்கும் கடைசிச் சொல்லுக்கு ஸகாத் என்று பொருள் கொண்டோர் உண்டு. பானை, வாளி, கோடரி போல அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்து வாங்கும் சின்னஞ்சிறு புழங்குபொருள்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) முதலானோர் விளக்கியிருக்கிறார்கள். அவற்றைக்கூடத் தர மறுப்போரைப் பற்றி அங்கே பேசப்படுகிறது. மேல்தட்டுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. எங்கள் அடுப்பங்கரைக்கு நேர் எதிரே அந்த சூரா எத்தனை முறை ஓதப்பட்டிருக்கும். உம்மாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்த டப்பாக்களைத் தொட்டுத் தொட்டுத் துடைத்துவைத்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. காற்றுப் புகாத அந்த மூடியை அழுத்தும்போது எழும் சத்தம் இன்றும் என் காதுக்கு இனிமைதான்.

கிணற்றடி வீட்டு மாமி அன்று வட்டத்தில் சற்றுப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டு மாமா வெளிநாட்டில் வேலையிழந்து நின்ற காலம்; அது எங்களுக்குப் பிறகே தெரிந்தது. உம்மா நான்கு டப்பாக்கள் கொண்ட தொகுப்பைத் தூக்கிக் காட்டி, “இது உனக்குத்தான்னு எடுத்து வச்சிருக்கேன்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். மாமி புன்னகைத்தார். 640 ரூபாய், மாதம் 80 வீதம் எட்டுத் தவணை. அன்று மாலையே உம்மா ஊசியைச் சுடவைத்து ‘காஃப்’ குத்திக் கொடுத்தார். இரண்டு மாதம் பணம் வந்தது. மூன்றாம் மாதம் வரவில்லை. பத்து நாள் பொறுத்துவிட்டு, உம்மா என்னை அனுப்பினார்.

நான் முடுக்கு வழியாகப் போகாமல் தெரு வாசலுக்குப் போனேன். உள்ளே மாமியின் சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். பதினான்கு வயதில் இதையெல்லாம் கவனிக்கும் அறிவு இருந்திருக்க வேண்டும், இல்லை. வாசலில் நின்று, பள்ளியில் ஒப்புவிப்பதைப் போல உரத்த குரலில், “மாமி, டப்பாக் காசு உம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க” என்றேன். கூடத்தில் பேச்சு நின்றது. மாமி எழுந்து வந்து, என் தலையில் கைவைத்து, மக்ரிபுக்குப் பின் தருகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். மக்ரிபுக்குப் பின் நான்கு டப்பாக்களும் வந்தன. கழுவித் துடைக்கப்பட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக. எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த மிகச்சிறிய டப்பாவில் ஒரு பிடிச் சீனி இருந்தது. அதைப் பார்த்தபின் உம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

ஒருவரோடொருவர் மூன்று நாளுக்குமேல் பேசாதிருக்கக் கூடாது என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே பேச்சு நிற்கவில்லை. கல்யாண வீட்டில், மய்யித்து வீட்டில், பெண்கள் தைக்காவில் சலாமும் நலம் விசாரிப்பும் குறைவின்றி நடந்தன. பாத்திரம் நடப்பது மட்டும் நின்றுவிட்டது. மார்க்கம் கேட்ட கணக்கை எழுத்தளவில் தீர்த்துவிட்டு, கோபத்தை மூடிபோட்டு வைத்துக்கொண்டார்கள் இருவரும். நம் வீடுகளில் இது அரிதன்று.

நோட்டைக் கண்ட இரவு காக்காவுடன் பேசினோம். எங்கள் தெருவிலுள்ள ஓர் ஆலிமிடமும் கேட்டோம். கொடுக்கவேண்டியது அந்த 160தான், அதை உங்கள் உம்மாவின் பொருளிலிருந்து முதலில் கொடுங்கள். இத்தனை ஆண்டுக்குப் பின் கூட்டிக் கொடுக்க விரும்பினால் அது உங்கள் மூவரின் கையிலிருந்து அன்பளிப்பாகப் போகட்டும், கடனோடு கலக்கவேண்டாம் என்றார். அப்படியே இரண்டு உறைகள் போட்டோம். மேலவீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் உரியவற்றை லாத்தா ஒரே மாலையில் கொடுத்துவிட்டு வந்தாள். அவர்களுக்கு அந்த டப்பாக்கள் காணாமற்போனதே நினைவில்லை. சிவப்பு நூலுக்கு உரியவர் இன்னும் கிடைக்கவில்லை. கிணற்றடி வீட்டுக்கு நான் தனியே போகவேண்டும் என்று லாத்தா சொல்லிவிட்டாள். அதற்கு அவள் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த முறை முடுக்கு வழியாகப் போனேன். மாமிக்கு இப்போது முழங்கால் வலி. கட்டிலில் உட்கார்ந்தபடிதான் தொழுகிறார். டப்பாக்களைச் சுற்றிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பேச நினைத்து வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அன்று வாசலில் அப்படிக் கேட்டது நான்தான், மாப்புத் தாருங்கள் மாமி, என்று மட்டும் சொன்னேன்.

“நீ சின்னப் புள்ள. உன்மேல என்ன இருக்கு” என்றார். பிறகு அடிப்பாகத்தைத் திருப்பி, ‘காஃப்’ இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். “உன் உம்மா ஹஜ்ஜுக்குப் போகுமுன்ன இந்தக் காசோட வந்தா. மாப்புக் கேட்டா. கொடுத்தேன். காசை வாங்கல.”

ஏன் என்று கேட்டேன்.

“வாங்கிட்டா முடிஞ்சிருமே. எனக்கு அப்பவும் கோபம் தீரல” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. “வாங்கியிருக்கலாம். அவ அதோட நிம்மதியாப் போயிருப்பா. அதை நினைச்சு இந்த மூணு மாசமாத் தூக்கமில்ல. நானே வந்து கேட்கணும்னு இருந்தேன், எப்படிக் கேட்கிறது? மௌத்து வீட்டுல போய் டப்பாக் காசுன்னு நிக்கவா?”

நான் முதல் உறையை நீட்டினேன். அவர் வாங்கினார், பிரித்து, ஒரு நூறு, ஓர் ஐம்பது, ஒரு பத்து என்று எண்ணினார். “முடிஞ்சுது. அல்லாஹ் அவளைப் பொருந்திக்கட்டும்” என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டார். இரண்டாவது உறையைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். உண்மையில் டப்பாக்களும் அவருக்கு உரியவை அல்ல. அவர் திருப்பித் தந்தவை. ஆனால் அவற்றை நான் எடுத்துக்கொண்டு போவேன் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அன்பளிப்பாக அவை அங்கேயே இருந்தன.

அந்த வாரம்தான் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: டப்பர்வேர் நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரி மனு செய்திருக்கிறது. 2024 செப்டம்பர். பெண்பிள்ளைகள் ஆளுக்கொரு பழைய டப்பாவைப் படமெடுத்துப் போட்டார்கள். என் மகள், பழைய பிளாஸ்டிக்கில் சூடான உணவை வைக்காதீர்கள் என்று ஒரு நீண்ட எச்சரிக்கையைப் பகிர்ந்தாள். நல்ல எச்சரிக்கைதான்.

மாமி டப்பாக்களை ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூடியைப் பொருத்திப் பார்த்தார். நடுவில் அழுத்தி, ஓரத்தைத் தூக்கி, அந்தப் பழைய சத்தத்தை எழுப்பினார். மூன்றாவதோடு மூடிகள் தீர்ந்தன.

“நாலாவதுக்கு மூடி எங்கே புள்ள?”

தேடினோம் மாமி, கிடைக்கவில்லை என்றேன்.

“மூடியில்லாத டப்பாவை வச்சு நான் என்ன செய்ய? நாலு மூடியோடதான் கொடுத்தேன். போய் நல்லாத் தேடு.”

வீட்டுக்கு வந்து மீதமிருந்த மூடிகளை மீண்டும் பரப்பினோம். வட்டமானவை, சதுரமானவை, எதற்கென்றே தெரியாதவை. ஒன்றும் ஒத்துவரவில்லை. இஷாவுக்கு ஒளு செய்துவிட்டு வந்த லாத்தா, தொழும் இடத்துச் சன்னலோரத்தில் நின்றபடி என்னைக் கூப்பிட்டாள். தஸ்பீஹையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அவை இருந்த சின்னத் தட்டைத் திருப்பிக் காட்டினாள். வெளிர்பச்சை. ஓரத்தில் மூடியின் வரிப்பள்ளம்.

மறுநாள் காலை லாத்தா அரிசிமாவுப் பணியாரம் சுட்டாள். எங்கள் டப்பா ஒன்றில் வைத்து, மேலே அந்த மூடியையும் வைத்து, என்னிடம் கொடுத்தாள். டப்பாவைக் கையோடு வாங்கிவரச் சொல்லவில்லை.